வாசலுக்கு வந்து வாங்கும் சேமிப்பு: அஞ்சலக ஆர்.டி. போடலாமா?

அஞ்சலகத்தின் ஐந்து வருட ஆர்.டி., அதாவது மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு, இன்றைக்கும் போடத் தகுந்ததா என்று எங்கள் அச்சகத்தில் வேலை பார்க்கும் பெண்கள் என்னிடம் கேட்பதுண்டு. கணக்கு எழுதுகிறவளுக்கு வட்டி விவரம் தெரிந்திருக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. தாராளமாகப் போடலாம் என்பதே என் பதில். வட்டி அதற்கு இரண்டாவது காரணம். முதல் காரணம், மாதாமாதம் வீட்டு வாசலுக்கு வந்து பணத்தை வாங்கிக்கொண்டு போகும் ஏஜென்ட் அக்கா. அதனால் திட்டத்தைப் பற்றி எழுதுவதற்குச் சமமாக அவரைப் பற்றியும் எழுதப்போகிறேன்.

ஊர் சிவகாசி. அச்சகம், ஃபயர் ஆபீஸ் என்கிற பட்டாசு ஆலை, தீப்பெட்டி ஆபீஸ் எதுவானாலும் இங்கே பலருக்கு வாரச் சம்பளம். சனிக்கிழமை சாயங்காலம் பணம் கைக்கு வரும். ஞாயிற்றுக்கிழமை கறிக்கடை, மளிகைக் கடைப் பாக்கி, பிள்ளைகளுக்கு ஏதாவது என்று திங்கட்கிழமைக்குள் பாதி போய்விடும். வருடக் கணக்கும் சமமாக இருக்காது. தீபாவளிக்கு முன் போனஸ் வரும், தீபாவளி முடிந்ததும் பட்டாசு வேலை சில வாரம் நின்றுவிடும். காலண்டர் வேலை ஆடிப்பெருக்கன்று மாதிரி ஆல்பம் வெளியிட்டதும் சூடுபிடித்து, மார்கழியோடு அடங்கிவிடும். வருமானம் இப்படி ஏறி இறங்கும் ஊரில் மாதம் இவ்வளவு என்று ஒதுக்கி வைப்பதற்கு மனஉறுதி மட்டும் போதாது. யாராவது வந்து கேட்க வேண்டும்.

திட்டம் மிக எளிது. மாதம் குறைந்தது 100 ரூபாய், அதற்கு மேல் பத்தின் மடங்கில் எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம். 60 மாதம் கட்ட வேண்டும். வட்டியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அசலோடு சேர்த்துக் கூட்டு வட்டியாகக் கணக்கிடுவார்கள். 2023 அக்டோபரிலிருந்து 2025 முடியும்வரை வட்டி 6.7 சதவீதம். மாதம் 1,000 ரூபாய் கட்டினால் ஐந்து வருடத்தில் நாம் போட்டது 60,000, கையில் வருவது 71,366 ரூபாய். கணக்குத் தொடங்கிய அன்று என்ன வட்டியோ, அதுவே கடைசிவரை. நடுவில் அரசு வட்டியைக் குறைத்தாலும் நம் கணக்கைத் தொடாது. 2025 பிப்ரவரிக்கும் ஜூனுக்கும் நடுவே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனுக்கான வட்டியை (ரெப்போ விகிதம்) 6.5லிருந்து 5.5க்கு இறக்கியபோது வங்கிகள் வைப்புநிதி வட்டியை வரிசையாகக் குறைத்தன. அஞ்சலக வட்டி அந்த வருடம் அசையவில்லை. வங்கியில் போடும் பணத்துக்கு ஒருவருக்கு 5 லட்சம் வரைதான் காப்பீடு உண்டு. அஞ்சலகப் பணத்துக்கு எவ்வளவாக இருந்தாலும் மத்திய அரசே பொறுப்பு.

இதெல்லாம் எந்த விளம்பரத்திலும் இருக்கும். விளம்பரத்தில் வராததைச் சொல்கிறேன்.

இந்த ஆர்.டி.யை வீடு வீடாகப் போய்ச் சேர்க்கும் பெண் முகவர் முறை 1972இல் தொடங்கியது. மகளிர் முதன்மை வட்டாரச் சேமிப்புத் திட்டம் என்பது அதன் பெயர். முகவர் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும். அவர் வசூலிக்கும் தொகையில் நூற்றுக்கு நான்கு ரூபாய் கமிஷன். அதை அரசு கொடுக்கிறது, நம் பணத்திலிருந்து ஒரு பைசாவும் கழியாது. ஆயிரம் ரூபாய் ஆர்.டி. ஒன்றுக்கு மாதம் 40 ரூபாய். நூறு வீட்டில் ஆயிரம் ஆயிரமாக வாங்கினாலும் மாதம் 4,000தான் தேறும். அதற்காக அவர் வெயிலில் நடக்க வேண்டும், பூட்டிய வீட்டுக்குத் திரும்பப் போக வேண்டும், பட்டியல் போட்டு அஞ்சலகத்தில் கட்ட வேண்டும், எல்லார் பாஸ்புக்கிலும் பதிந்து வாங்கித் திருப்பித் தர வேண்டும்.

எங்கள் தெருவுக்கு வருகிறவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். சனிக்கிழமை சம்பளம் என்பது அவருக்குத் தெரியும், அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில், கறிக்கடைக்குக் கிளம்புவதற்கு முன்னால் வந்துவிடுவார். "ஏம்மா, எடுத்து வச்சிட்டியா?" என்று கேட்கும் குரலில் அதிகாரம் இருக்காது. இல்லையென்றால், "சரி, பதினஞ்சு தேதிக்குள்ள பாத்துக்கலாம்" என்று அடுத்த வீட்டுக்குப் போவார். ஆனால் அவர் மறுபடி வருவார் என்று நமக்குத் தெரியும். அந்த நினைப்பு ஒன்றே பாதி வேலையைச் செய்துவிடும். பணத்தை வாங்கியதும் அஸ்லாஸ் அட்டை என்று ஒன்றில் தேதி, தொகை எழுதிக் கையெழுத்துப் போடுவார். அந்த அட்டை நம்மிடம் இருக்கும்.

எனக்கு அவர் சொல்லித்தந்த ஒரு யோசனையை நான் இப்போது எல்லாரிடமும் சொல்கிறேன். மாதம் ஆயிரம் போட முடிந்தால் அதை ஒரே கணக்காகப் போடாதே, 500, 300, 200 என்று மூன்று கணக்காகத் தொடங்கு என்றார். எத்தனை கணக்கு வேண்டுமானாலும் தொடங்க விதி இடம் கொடுக்கிறது. வேலை இல்லாத மாதம் வந்தால் சின்னக் கணக்கு ஒன்றை மட்டும் தவறவிடலாம். அவசரத்துக்கு உடைக்க வேண்டியிருந்தாலும் ஒன்றைத்தான் உடைப்போம், மற்றவை அப்படியே நடக்கும். மூன்று கணக்கு என்றால் அவருக்கு இரண்டு வரி கூடுதலாக எழுதும் வேலை, கமிஷன் அதே 40 ரூபாய்தான். அப்படியிருந்தும் அவராகச் சொன்னார்.

2011இல் சிறுசேமிப்புத் திட்டங்களை ஆராய்ந்த ஷியாமளா கோபிநாத் குழு, இந்த 4 சதவீதக் கமிஷனை வருடத்துக்கு ஒரு சதவீதமாகக் குறைத்து மூன்று வருடத்தில் 1 சதவீதத்துக்குக் கொண்டுவரலாம் என்று பரிந்துரைத்தது. அரசு மற்ற முகவர்களின் கமிஷனைப் பாதியாக வெட்டியது, பி.பி.எஃப்.புக்கும் (பொது வருங்கால வைப்பு நிதி) மூத்த குடிமக்கள் திட்டத்துக்கும் இருந்த கமிஷனை அடியோடு எடுத்துவிட்டது. ஆனால் ஆர்.டி. அக்காக்களின் 4 சதவீதத்தில் கை வைக்கவில்லை. சேமிப்பைத் திரட்டும் செலவு அதிகம் என்ற அந்தக் குழுவின் கவலை எனக்குப் புரிகிறது. ஒரு கணக்கராக அதை மறுக்கவும் முடியாது, 6.7 வட்டிக்கு மேல் இந்தக் கமிஷனும் சேர்ந்தால் அரசுக்கு அது விலை கூடிய பணம். இருந்தாலும் அரசு எடுத்த முடிவு சரி என்று நான் நினைக்கிறேன். 4 ரூபாய் கொடுத்து 100 ரூபாயை ஒரு தீப்பெட்டித் தொழிலாளி வீட்டிலிருந்து சேமிப்பாக வெளியே கொண்டுவர வேறு ஏற்பாடு எதையும் நான் பார்த்ததில்லை. வங்கிக்கிளை வீட்டு வாசலுக்கு வராது. செல்போன் செயலி "எடுத்து வச்சிட்டியா" என்று கேட்டாலும் விரலால் தள்ளிவிட்டுப் போகலாம். வாசலில் நிற்கிற மனுஷியைத் தள்ளிவிட முடியாது.

எங்கள் தெருக்களில் இன்னொருவரும் வாசலுக்கு வருகிறார், குழு லோன் வசூலிக்க வருகிறவர். வாரம் தவறாமல் வருவார். ஒரு பெண் கட்டாவிட்டால் குழுவில் இருக்கும் மற்றப் பெண்களைத் திரட்டிக்கொண்டு அவள் வீட்டு முன் உட்கார்ந்துவிடுவதும் நடக்கிறது. கடன் வசூலில் மிரட்டலைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2025இல் ஒரு தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது என்றால் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள். வாரம் ஆயிரம் ரூபாயைக் கடனுக்குக் கட்ட முடிகிற வீட்டில், மாதம் ஐநூறைச் சேமிப்பாகக் கட்ட முடியாதா என்று எனக்குத் தோன்றும். கட்ட முடியும். கடனுக்கு ஆள் வருகிறார், சேமிப்புக்கு ஆள் வருவது குறைந்துகொண்டே போகிறது. பக்கத்துத் தெருவில் முன்பு வந்துகொண்டிருந்த ஏஜென்ட் வயதாகி விட்டுவிட்டார், அந்த இடத்துக்கு வேறு யாரும் வரவில்லை. அந்தத் தெருப் பெண்கள் பலர் இப்போது தீபாவளிச் சீட்டுக்கு மாறிவிட்டார்கள். என் தங்கையும் அப்படி ஒரு சீட்டில் இரண்டு வருடம் கட்டினாள். நடத்தியவர் ஒரு தீபாவளிக்கு முன் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். பதிவு செய்யாத சீட்டு என்பதால் கையில் இருந்தது ஒரு நோட்டுப்புத்தகம் மட்டும். பணம் வரவில்லை.

நாட்டுக் கணக்கிலும் இதே கதை பெரிய எழுத்தில் தெரிகிறது. ஒரு நாட்டின் சேமிப்பை மூன்று பேர் கணக்கில் எழுதுவார்கள்: குடும்பங்கள், நிறுவனங்கள், அரசு. நிறுவனத்தின் சேமிப்பு என்றால் என்னவென்று எங்கள் அச்சகத்திலேயே பார்க்கலாம். அது பிரைவேட் லிமிடெட். ஒரு வருட லாபத்தில் வரியும் டிவிடெண்டும் போக, முதலாளிகள் வெளியே எடுக்காமல் அடுத்த ஆஃப்செட் மெஷினுக்காக உள்ளேயே நிறுத்திவைக்கும் தொகை நிறுவனச் சேமிப்பு. பேரேட்டில் அதை எழுதுவது நான்தான். அச்சகத்துக்கு எதிரே ஒருவர் தனியாளாக நடத்தும் பைண்டிங் பட்டறையில் மிஞ்சும் லாபம் மட்டும் குடும்பச் சேமிப்பில் சேரும், ஏனென்றால் நாட்டுக் கணக்கில் அப்படிப்பட்ட சின்னத் தொழிலும் குடும்பமும் ஒன்று. மூன்றாவது ஆள் அரசு. அன்றாடச் செலவுக்கே வருவாய் போதாதபோது அதன் சேமிப்பு பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். 2025-26 மத்திய பட்ஜெட்டில் வருவாய்ப் பற்றாக்குறை மட்டும் 5.24 லட்சம் கோடி ரூபாய் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். ஆக, இந்தியாவின் சேமிப்பில் ஏறத்தாழ அறுபது சதவீதம் குடும்பங்களிடமிருந்து வருகிறது. அரசின் பள்ளத்தை நிரப்புவதிலும் அந்தப் பணத்துக்குப் பங்கு உண்டு.

2007-08 வாக்கில் நாட்டின் மொத்தச் சேமிப்பு, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் முப்பத்தாறு சதவீதத்தைத் தாண்டியிருந்தது. இப்போது முப்பதை ஒட்டி நிற்கிறது. குடும்பங்களின் நிகர நிதிச் சேமிப்பு, அதாவது வங்கி, அஞ்சலகம், காப்பீடு, பங்கு என்று போட்டதில் புதிதாக வாங்கிய கடனைக் கழித்த தொகை, கொரோனா வருடமான 2020-21இல் அதே உற்பத்தியில் 11 சதவீதத்துக்கு மேல் இருந்தது. இரண்டே வருடத்தில், 2022-23இல், ஏறத்தாழ 5 சதவீதமாகச் சரிந்தது. பல பத்தாண்டுகளில் இவ்வளவு இறங்கியதில்லை. மக்கள் ஊதாரியாகிவிட்டார்கள் என்று அப்போது சிலர் எழுதினார்கள். அது நியாயமில்லை. ரூபாய்க் கணக்கில் போடுவது பெரிதாகக் குறையவில்லை, வாங்கும் கடன்தான் வேகமாகக் கூடியது. எங்கள் தெருவில் நான் பார்ப்பதும் அதைத்தான். ஒரு வாசலுக்கு இரண்டு பேர் வருகிறார்கள், கடனுக்கு வருகிறவர் முந்திக்கொள்கிறார்.

சரி, நாம் கட்டும் ஆர்.டி. பணம் எங்கே போகிறது? 1999 ஏப்ரலில் தேசிய சிறுசேமிப்பு நிதி என்று தனியாக ஒன்றை மத்திய அரசு தொடங்கியது. அஞ்சலகத்தில் சேரும் பணம் எல்லாம் அதில் போய், அங்கிருந்து அரசுகளுக்குக் கடனாகப் போகும். முன்பெல்லாம் தமிழ்நாட்டில் சேர்ந்த பணத்தில் பெரும்பகுதி தமிழ்நாட்டு அரசுக்கே கடனாகத் திரும்பும். அப்போது மாநிலத்துக்கே அதில் அக்கறை இருந்தது. பள்ளிக்கூடத்தில் சஞ்சயிகா என்ற மாணவர் சேமிப்புத் திட்டம், அக்டோபர் 30 உலக சிக்கன நாளுக்குக் கட்டுரைப் போட்டி, ஏஜென்ட்களுக்குக் கலெக்டர் கையால் பரிசு என்று ஊரே சேமிப்பைப் பேசும். சந்தையில் கிடைக்கும் கடனைவிட இதற்கு வட்டி அதிகம் என்பதால், பதினான்காவது நிதிக்குழுவுக்குப் பின் மாநிலங்கள் விலகிக்கொண்டன. 2016 ஏப்ரலிலிருந்து கேரளம், மத்தியப் பிரதேசம், அருணாசலப் பிரதேசம், டெல்லி தவிர யாரும் இதிலிருந்து கடன் வாங்குவதில்லை. இப்போது சிவகாசிப் பணம் பெரும்பாலும் டெல்லிக்குப் போகிறது. 2025-26 பட்ஜெட்டில் மத்திய அரசின் நிதிப் பற்றாக்குறை 15.69 லட்சம் கோடி, அதில் 3.43 லட்சம் கோடியைச் சிறுசேமிப்பிலிருந்து எடுப்பதாகத் திட்டம். ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். அதாவது ஞாயிற்றுக்கிழமை காலையில் நாம் கொடுக்கும் ஐநூறு ரூபாய் நாட்டு பட்ஜெட்டைத் தாங்குகிறது. இதைப் படிக்கும் பெண்கள் ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். கடன் கொடுத்தவர் நாம்தான். கவுன்ட்டரில் நிற்கும்போது கூனிக்குறுகி நிற்க வேண்டியதில்லை.

கடன் கொடுத்தவருக்கு வட்டியைப் பற்றிக் கேட்கவும் உரிமை உண்டு. 2016 ஏப்ரலிலிருந்து நிதி அமைச்சகம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டியை அறிவிக்கிறது. அரசுப் பத்திரங்களின் சந்தை வட்டியை ஒட்டி அது ஏறி இறங்க வேண்டும் என்பது சூத்திரம். 2020 ஏப்ரலில் ஆர்.டி. வட்டியை ஒரேயடியாக 7.2லிருந்து 5.8க்கு வெட்டினார்கள். 2021 மார்ச் 31 அன்று இன்னொரு வெட்டு அறிவித்தார்கள்: ஆர்.டி. 5.3, பி.பி.எஃப். 6.4. மறுநாள் காலையிலேயே நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், கவனக்குறைவாக வெளியான உத்தரவு அது, திரும்பப் பெறப்படுகிறது என்று அறிவித்தார். அப்போது தமிழ்நாட்டிலும் மேற்கு வங்கத்திலும் சட்டமன்றத் தேர்தல் நடந்துகொண்டிருந்தது. அதற்குப் பின் 2023 தொடக்கம்வரை ஆர்.டி. வட்டி 5.8இலேயே நின்றது. விலைவாசி ஏறிய 2022இலும் ஏற்றவில்லை. சூத்திரம் என்று ஒன்றை வைத்துக்கொண்டு, இறங்கும்போது தேர்தலுக்காகவும் ஏறும்போது செலவுக்காகவும் அதை ஒதுக்கி வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இது போடுகிறவரை ஏய்ப்பதில்லை என்றாலும், அவரை மதிப்பதாகவும் இல்லை.

இனி குறைகள். முதலாவது எனக்கு உண்மையிலேயே கோபம் வரவழைப்பது. ஆர்.டி.யை மூன்று வருடத்துக்கு முன் உடைக்கவே முடியாது. மூன்று வருடத்துக்குப் பின் உடைத்தால் சேமிப்புக் கணக்கின் 4 சதவீத வட்டிதான் மொத்தத்துக்கும் கிடைக்கும். முதிர்வுக்கு ஒரு நாள் முன்னால் உடைத்தாலும் அப்படியே. 59 மாதம் ஒழுங்காகக் கட்டியவர், ஆஸ்பத்திரிச் செலவுக்காகக் கடைசி மாதத்தில் உடைத்தால் ஐந்து வருட வட்டியில் ஏறத்தாழ பாதி போய்விடும். மாத வருமானத் திட்டத்தில் மூன்று வருடத்துக்குப் பின் உடைத்தால் அசலில் ஒரு சதவீதத்தைக் கழித்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். லட்சக்கணக்கில் மொத்தமாகப் போட முடிந்தவருக்கு ஒரு சதவீதம், நூறும் ஐந்நூறுமாகச் சேர்த்தவருக்கு இவ்வளவு. முடிந்த வருடங்களுக்காவது ஆர்.டி. வட்டியைக் கொடுக்க வேண்டும். இதை அமைச்சகம் ஒரு அறிவிக்கையில் மாற்றிவிடலாம்.

அதற்கு மாற்று வழி ஒன்று இருக்கிறது, பலருக்கும் தெரியாது. 12 மாதத் தவணை கட்டி, கணக்குத் தொடங்கி ஒரு வருடம் ஆகியிருந்தால், கட்டிய தொகையில் பாதிவரை கடன் வாங்கலாம். ஆர்.டி. வட்டிக்கு மேல் 2 சதவீதம், அதாவது 6.7க்குத் தொடங்கியவருக்கு 8.7. எங்கள் பக்கத்தில் குழு லோனுக்கும் நகைக்கடனுக்கும் வாங்கும் வட்டியோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. உடைக்கப் போகிறவர் முதலில் இதைக் கேளுங்கள்.

தவணை தவறினால் நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய் அபராதம். இது பெரிய சுமை இல்லை. நான்கு மாதம் தவறினால்தான் சிக்கல், அதிலிருந்து இரண்டு மாதத்துக்குள் பாக்கியைக் கட்டிக் கணக்கை உயிர்ப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் அதற்குமேல் கட்ட முடியாது. சிவகாசி மாதிரி ஊருக்கு இன்னொரு வசதி நன்றாகப் பொருந்தும். முன்கூட்டியே கட்டினால் தள்ளுபடி உண்டு: ஆறு மாதத் தவணையை ஒன்றாகக் கட்டினால் நூறு ரூபாய்க் கணக்குக்கு 10 ரூபாய், பன்னிரண்டு மாதத்தைக் கட்டினால் 40 ரூபாய். தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும் அடுத்த ஆறு மாதத்தைக் கட்டிவிட்டால், வேலை நிற்கும் கார்த்திகையில் தவணை பற்றி யோசிக்க வேண்டியதில்லை.

வருமான வரியில் ஆர்.டி.க்கு எந்தக் கழிவும் கிடையாது, வட்டியும் வருமானத்தோடு சேரும். வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் இல்லாதவர்களுக்கு இது ஒரு குறையே இல்லை.

அக்காவைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டதால் இதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அவர் சொல்லாத திட்டங்களும் அதே அஞ்சலகத்தில் இருக்கின்றன, சில ஆர்.டி.யைவிட நல்லவை. பத்து வயதுக்குக் குறைந்த பெண் குழந்தை இருந்தால் முதலில் செல்வமகள் சேமிப்புத் திட்டம். வட்டி 2024 ஜனவரியிலிருந்து 8.2, வரி கிடையாது, வருடத்துக்கு 250 ரூபாய் போட்டாலே கணக்கு நிற்கும். 60 வயது தாண்டியவர்களுக்கு மூத்த குடிமக்கள் திட்டம், அதுவும் 8.2. சின்னத் தொழில் நடத்துகிறவர்களுக்கு பி.பி.எஃப். வட்டி 7.1தான், 2020லிருந்து அசையவில்லை, 15 வருடம் காத்திருக்க வேண்டும். ஆனால் தொழிலில் நொடித்து வழக்கு வந்தாலும் கடன்காரர் அந்தப் பணத்தை ஜப்தி செய்ய முடியாது. பி.பி.எஃப்.பில் மாதம் 5ஆம் தேதிக்குள் போட்டால்தான் அந்த மாத வட்டி. இவற்றுக்கெல்லாம் கமிஷன் இல்லை, அதனால் யாரும் வாசலுக்கு வந்து சொல்ல மாட்டார்கள். நாமே கவுன்ட்டரில் போய்க் கேட்க வேண்டும். கிசான் விகாஸ் பத்திரத்தை நான் யாருக்கும் சொல்வதில்லை. 115 மாதத்தில் இரட்டிப்பு என்பது காதுக்கு இனிமையாக இருக்கும், கணக்குப் போட்டால் 7.5 சதவீதம். தேசிய சேமிப்புப் பத்திரம் ஐந்தே வருடத்தில் 7.7 கொடுக்கிறது.

மூன்று வேலைகளை நாம் விடக் கூடாது. அக்கா எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அட்டையில் கையெழுத்து வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை பாஸ்புக்கை நீங்களே அஞ்சலகத்துக்கு எடுத்துப்போய், அட்டையில் இருப்பதும் பாஸ்புக்கில் இருப்பதும் கணினியில் இருப்பதும் ஒன்றா என்று பாருங்கள். இது அவர்மேல் சந்தேகப்படுவது ஆகாது, எங்கள் அச்சகத்தில் நான் எழுதும் கணக்கையும் வருடா வருடம் ஆடிட்டர் பார்க்கிறார். அப்புறம் நாமினி. கணவன் பெயரில் கணக்கு, நாமினி போடவில்லை, அவர் போய்ச் சேர்ந்தபின் வாரிசுச் சான்றிதழுக்கு அலைகிற பெண்களை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

ஐந்து வருடம் முடியும்போது நீட்டிப்பதா, புதிதாகத் தொடங்குவதா என்ற கேள்வி வரும். நீட்டித்தால் இன்னும் ஐந்து வருடம், பழைய வட்டியே தொடரும், நீட்டித்த காலத்தில் எப்போது வேண்டுமானாலும் முடிக்கலாம். முடிந்த வருடங்களுக்கு முழு ஆர்.டி. வட்டியும் கிடைக்கும். 2020 மார்ச்சுக்குள் 7.2க்குத் தொடங்கி 2025இல் நீட்டித்தவர்கள் நல்ல முடிவு எடுத்திருக்கிறார்கள், அதை உடைக்க வேண்டாம். 2021, 2022இல் 5.8க்குத் தொடங்கியவர்கள் நீட்டிக்கவே கூடாது. ஆயிரம் ரூபாய்க் கணக்கில் அவர்களுக்கு வருவது 69,700 ரூபாய் அளவில்தான். முதிர்ந்த அன்றே எடுத்து, அந்தத் தொகையைத் தேசிய சேமிப்புப் பத்திரத்தில் போட்டுவிட்டு, மாதத் தவணைக்கு அன்றைய வட்டியில் புது ஆர்.டி. தொடங்குங்கள். அதை அக்கா மூலமாகவே தொடங்குங்கள். நேராகக் கவுன்ட்டரில் தொடங்கினாலும் வட்டி அதேதான், ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் யாரும் வந்து கேட்க மாட்டார்கள், அவருக்கு வர வேண்டிய 40 ரூபாயும் வராது.

ஐந்துக்கு எத்தனை என்றால், திட்டத்துக்கு மூன்றரை கொடுப்பேன். அந்த முன்கூட்டி உடைக்கும் விதியை மாற்றினால் நான்கு. வீட்டுக்கு வரும் முகவர் ஏற்பாட்டுக்கு ஐந்தும் கொடுப்பேன்.